வாடகை வாரத்துக்கு, கணக்கு மட்டும் மாதத்துக்கா?

ஆக்லாந்தில் வாடகையை வாரக் கணக்கில்தான் வாங்குகிறார்கள். சம்பளமும் பெரும்பாலும் வாரத்துக்கொரு முறை, இல்லையென்றால் இரண்டு வாரத்துக்கொரு முறை. ஊரிலிருந்து படிக்க வரும் நம் பிள்ளைகளோ இன்னும் மாதக் கணக்கே போடுகிறார்கள். அறைக்கு வாரம் 250 டாலர், அப்படியானால் மாதம் ஆயிரம் என்று அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதிவிடுகிறார்கள். வருடத்துக்கு 12,000 என்று அவரும் கடன் வாங்குகிறார். வருடத்துக்கு 52 வாரம், கட்டவேண்டியது 13,000. அந்த ஆயிரம் டாலர் ஓட்டை பிப்ரவரியில் தெரியாது, அக்டோபரில் தெரியும்.

படிக்க அனுப்பிவைக்கும் ஏஜெண்டுகளையும் சும்மா விடக்கூடாது. உயர்கல்வி மாணவர் ஒரு வருடச் செலவுக்கென விசாவுக்குக் காட்டவேண்டிய தொகையை 2022 ஜூலை கடைசியில் 20,000 டாலராக உயர்த்தினார்கள். 52ஆல் வகுத்தால் வாரத்துக்கு 385 டாலர்கூடத் தேறாது. அறைக்கு 250 போனால் மீதியில் சாப்பாடு, கரண்ட், பஸ், போன் எல்லாம் அடங்கவேண்டும். இந்த ஒரு வகுத்தலைப் போட்டுக்காட்ட எத்தனை ஏஜெண்டுக்கு மனசு வருகிறது? கைமாற்று வாங்கிக் கணக்கில் காட்டி, விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்தை நம்பி விமானம் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பட்ஜெட் எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். போனில் வேண்டுமென்றால் நியூசிலாந்து ஓய்வுகால ஆணையம் நடத்தும் 'சார்ட்டட்' தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. வரவை முதலில் எழுதுங்கள், வரி போக. 2025 நவம்பர் 3 முதல் மாணவர் விசாவில் வாரம் 25 மணி நேரம் வேலை செய்யலாம். அதற்கு முன் வாங்கிய விசாவில் 20 என்று அச்சாகியிருந்தால் உங்களுக்கு 20தான். நிபந்தனையை மாற்ற விண்ணப்பித்து அனுமதி வாங்கிய பிறகே கூடுதல் மணி. 2025 ஏப்ரலில் நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியமான மணிக்கு 23.50 டாலரில் 25 மணிக்கு 587.50 வரும். வரியும் ஏசிசி என்கிற விபத்துக் காப்பீட்டுப் பிடித்தமும் போகக் கையில் நிற்பது 500க்குச் சற்றுக் கீழே. விடுமுறையில் கிடைக்கும் முழுநேரச் சம்பளத்தை இந்த வரவில் சேர்க்காதீர்கள். ஐஆர்டி எண் என்கிற வரி எண்ணை வாங்காமல் வேலையில் சேர்ந்தால் நூற்றுக்கு 45 வரியாகவே போய்விடும்.

செலவில் முதலில் வாடகையை எழுதுங்கள். மாணவர் இன்சூரன்ஸ், விசாக் கட்டணம், புத்தகம் போல வருடத்துக்கொரு முறை வருவதையும் 52ஆல் வகுத்து வாரச் செலவாக எழுதுங்கள். பட்ஜெட் உடைவது பெரும்பாலும் இங்கேதான். பஸ்ஸுக்கான ஏடி ஹாப் அட்டையில் மாணவர் சலுகை தானாக ஏறாது, விண்ணப்பிக்கவேண்டும். காய்கறிக்கு ஞாயிறு காலை ஆவண்டேல் சந்தைக்குப் போய்வாருங்கள். சாண்ட்ரிங்ஹாம் கடையில் முருங்கைக்காய் வாங்குவது எப்போதாவது.

பாண்ட் என்கிற வாடகை முன்பணம் செலவல்ல, உங்கள் பணம். நான்கு வார வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. வீட்டுக்காரர் அதை 23 வேலை நாளுக்குள் அரசின் டெனன்சி சர்வீசஸில் கட்டவேண்டும்; கட்டியதற்கான அறிவிப்பு உங்களுக்கு வரும். வரவில்லையென்றால் நீங்களே விசாரியுங்கள். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாமல், குடியிருக்கும் இன்னொரு பையனிடம் பணத்தைக் கொடுத்து அறையில் சேர்ந்தவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. தகராறு வந்தால் டிஸ்பியூட்ஸ் ட்ரிப்யூனலுக்குத்தான் போகவேண்டும், அங்கே கேட்பது எழுத்து ஆதாரம். 'நம்ம ஊர்ப் பையன்தானே' என்று ரசீதில்லாமல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது கடன். ஆஃப்டர்பே போன்ற 'இப்போது வாங்கு, பிறகு கொடு' தவணைகள் சிறிதாகத் தெரிவதால் நோட்டில் ஏறுவதில்லை. அவையும் கடன்தான், 2024 செப்டம்பர் 2 முதல் நுகர்வோர் கடன் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். நோய், விபத்து, வேலை இழப்பு போன்ற எதிர்பாராத காரணத்தால் தவணை கட்டமுடியாமல் போனால், கடன் கொடுத்தவரிடம் 'ஹார்ட்ஷிப்' விண்ணப்பம் தர அந்தச் சட்டம் உரிமை தருகிறது. எழுத்தில் தரவேண்டும், மின்னஞ்சல் போதும். கணக்கு எண், என்ன நடந்தது, இப்போது வாரம் எவ்வளவு கட்டமுடியும், தவணையைத் தள்ளிவைக்க வேண்டுமா அல்லது காலத்தை நீட்டிச் சிறிதாக்க வேண்டுமா என்று எழுதி, உங்கள் வாரப் பட்ஜெட்டையும் இணையுங்கள். விண்ணப்பம் கிடைத்ததென்று கடன் கொடுத்தவர் ஐந்து வேலை நாளுக்குள் பதில் தரவேண்டும்; பொதுவாக இருபது வேலை நாளுக்குள் முடிவு. மறுத்தால் அவர்கள் சேர்ந்திருக்கும் தகராறு தீர்வு அமைப்பிடம் புகார் செய்யலாம், காசு கிடையாது. வங்கியானால் பேங்கிங் ஆம்பட்ஸ்மேன்.

ஆனால் நான்கு தவணை தொடர்ந்து தவறியவருக்கோ இரண்டு மாதம் பாக்கி வைத்தவருக்கோ இந்த உரிமை பெரும்பாலும் கைநழுவிவிடும். நம்மவர்கள் அதற்குப் பிறகுதான் வாய் திறக்கிறார்கள். வெட்கமாம்! முதல் தவணை தவறும் என்று தெரிந்த அன்றே எழுதுங்கள். மறுபடியும் சொல்கிறேன், தவறிய பிறகு அல்ல, தவறும் என்று தெரிந்த அன்றே.

கணக்கே புரியவில்லையென்றால் மணிடாக்ஸ் உதவி எண் 0800 345 123. இலவசம், ரகசியம் காப்பார்கள், பக்கத்திலுள்ள பட்ஜெட் ஆலோசகரிடம் அனுப்பிவைப்பார்கள். போகும்போது மூன்று மாத வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், கடன் காகிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பயந்துபோய்ப் பிரிக்காமல் வைத்திருக்கும் கவர்களையும்தான்.