பாட்டி பேரும் பட்டியல்ல வரணும்!

ப்ராஜெக்ட் சப்மிஷனுக்கு ரெண்டே நாள். எல்லாம் டைப் பண்ணியாச்சு. பாக்கி 'துணைநூற்பட்டியல்' மட்டும்தான். சீனியரோட ப்ராஜெக்ட்ல இருந்து அப்படியே காப்பி, பேஸ்ட்... இதுதானே உங்க ப்ளான்? கொஞ்சம் பொறுங்க பாஸ்!

கள்ளக்குறிச்சி பக்கத்துல இருக்கிற கல்வராயன் மலையைப் பத்தி எழுதறீங்கன்னு வச்சுக்குவோம். அங்கே வாழுற மலையாளி பழங்குடி மக்களைப் பத்தித் தேடினா, எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளா வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' கிடைக்கும். வெறுமனே 'தர்ஸ்டன், 1909'னு போட்டா போதாது. ஏழு தொகுதியில எதுன்னு படிக்கிறவர் தேடி அலையணுமா? தொகுதி எண், பக்க எண் ரெண்டும் அவசியம். இன்னொண்ணு, தர்ஸ்டனுக்கு உதவியா உழைச்ச க.ரங்காச்சாரியின் பேரும் அந்த நூலின் முகப்பிலேயே இருக்கு. நம்ம பட்டியல்களில்தான் அவர் பல சமயம் காணாமல் போயிடறார்!

மாவட்டம் மாறலாம்... தலைப்பு மாறாது!

1906-ல் வந்த டபிள்யூ.பிரான்சிஸின் கெசட்டியர் 'தென் ஆற்காடு மாவட்டம்' என்ற பேரில்தான் இருக்கு. 1993-ல் அது பிரிஞ்சு விழுப்புரம் வந்துச்சு. 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம். அதுக்காக பழைய புத்தகத்தின் தலைப்பை நீங்க திருத்தக் கூடாது. விளக்கத்தை உங்க வாக்கியத்தில் சொல்லுங்க. பழைய ஆங்கில நூல்களில் 'கல்ராயன்'னு இருக்கும். அப்படியும் தேடிப் பாருங்க.

எம்.எல்.ஏ.வா, ஏ.பி.ஏ.வா?

இது தொகுதி எம்.எல்.ஏ. இல்லீங்க, மேற்கோள் முறை! எதுன்னு கைடுகிட்ட கேட்டுட்டு, கடைசிவரை அதையே பிடிச்சுக்கோங்க. ரெண்டையும் கலந்தா சாம்பாரில் பாயசம் ஊத்தின மாதிரிதான். நம்ம இனிஷியலைப் பார்த்து சாஃப்ட்வேர் குழம்பும். 'சாமிநாதையர், உ.வே.'ன்னு வந்திருக்கான்னு கண்ணால ஒருமுறை சரிபாருங்க.

அந்தப் பாட்டி எங்கே?

முக்கியமான விஷயம் இதுதான். வெள்ளிமலைக்குப் போறீங்க. சாமை விதைக்கிற பக்குவத்தை ஒரு பாட்டி மணிக்கணக்கா சொல்றாங்க. ப்ராஜெக்ட்ல அது எப்படி வருது? 'மலைவாழ் மக்கள் கூறுவர்'! புத்தகம் எழுதினவருக்குப் பேர் உண்டு, சொல்லிக் கொடுத்தவருக்கு இல்லையா?

2019-ல் வந்த ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பே இதுக்கு வழி சொல்லுது. பழங்குடியினர் வாய்மொழியா சொன்னதை எடுத்தாளும்போது அவங்க முழுப்பெயர், இனக்குழு, ஊர், பேசிய தேதி எல்லாத்தையும் கட்டுரைக்குள்ளேயே குறிக்கணும். ஆனா, 'உங்க பேரைப் போடலாமா?'ன்னு கேட்டு, அவங்க சம்மதிச்சாத்தான். 'வேண்டாம் கண்ணு'ன்னா விட்டுடுங்க.

'இதெல்லாம் யார் பார்க்கப் போறாங்க'ன்னு அசால்ட்டா இருக்காதீங்க. யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி, ஆய்வேட்டில் 10 சதவிகிதத்துக்கு மேல் அடுத்தவர் எழுத்து இருந்தா திருத்தி மறுபடி தரணும். 60-ஐத் தாண்டினா பதிவே ரத்து! முறையா மேற்கோள் காட்டின பகுதி இந்தக் கணக்கில் சேராது.

மார்க்கோட முடியற விஷயமில்லை இது. நாளைக்கு அந்தப் பாட்டியோட பேத்தியே காலேஜுக்கு வந்து, லைப்ரரியில உங்க ப்ராஜெக்ட்டைப் புரட்டலாம். தன் பாட்டி பேரை அவ அதுல பார்க்கணுமா, வேண்டாமா? முடிவு உங்க கையில!