சொல்லை உறவோடு சொல்லிக்கொடுங்கள்

தருமபுரி மாவட்டத்தின் நல்லம்பள்ளிப் பக்கம் கேழ்வரகைத் தெரியாத பிள்ளை இருக்காது. அதே தானியம் ஆங்கிலப் பாடத்தில் ‘ஃபிங்கர் மில்லட்’ என்று வரும்போது, எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு சொல்லாகிவிடுகிறது. தெரிந்த சொல்லின் பக்கத்திலேயே புதிய சொல்லை வைத்துக் காட்டினால், பாதிச் சுமை குறையும். அதற்கான கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

‘விசுவேர்ட்ஸ்’ தளத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் போதும். ஒத்த சொற்கள், அது சேர்ந்த வகை, அதன் உட்பிரிவுகள், எதிர்ச்சொல் எல்லாம் அதைச் சுற்றிப் பல நிறக் கோடுகளில் கிளைவிடும். இதற்கு அடித்தளம், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் அறிஞர் ஜார்ஜ் மில்லர் 1985-இல் தொடங்கிய ‘வேர்ட்நெட்’. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலச் சொற்களைப் பொருள் உறவால் கோத்த தரவுத்தளம் அது.

நமக்கும் இது பழகிய வழிதான். திவாகர நிகண்டு தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனத் தொடங்கி 12 தொகுதிகளாகச் சொற்களை வகுத்தது. திண்ணைப் பள்ளிகளில் நிகண்டு படித்துத்தான் பிள்ளைகள் சொல்வளம் பெற்றார்கள்.

சொல்மேகமும் தமிழும்

இன்னொரு கருவி சொல்மேகம். ஜொனாதன் ஃபெயின்பெர்க் 2008-இல் வெளியிட்ட ‘வேர்டில்’ இதைப் பரவலாக்கியது. ஒரு பாடத்தைச் சொல்மேகக் கருவியில் இட்டால், அடிக்கடி வரும் சொல் பெரிதாகவும் அரிதாக வருவது சிறிதாகவும் தெரியும். எந்தச் சொற்களை முதலில் கற்பிக்க வேண்டும் என்பது ஆசிரியருக்கு உடனே புலப்படும். தமிழில் ஒரு சிக்கல் உண்டு. ‘பள்ளி’, ‘பள்ளியில்’, ‘பள்ளிக்கு’ மூன்றையும் கருவி தனித்தனிச் சொற்களாக எண்ணிவிடும். அதனால், உருபுகளை நீக்கிவிட்டு இடுவது நல்லது. உருபு பிரிக்கும் அந்த வேலையை மாணவர்களிடமே கொடுத்தால், அதுவே இலக்கணப் பயிற்சி.

கரும்பலகை போதும்

தருமபுரி மாவட்டத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் பல. கரும்பலகையில் கேழ்வரகை நடுவில் எழுதி, ஒருபுறம் ராகி, கேப்பை; மறுபுறம் களி, கூழ், அடை; மேலே சிறுதானியம் என்று கோடு இழுக்கலாம். களிக்குக் கன்னடத்தில் முத்தே, தெலுங்கில் சங்கடி என்று பிள்ளைகளே சேர்ப்பார்கள். கடைசியாக ‘ஃபிங்கர் மில்லட்’ வந்து சேரும்போது அது அந்நியமாக இருக்காது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களில் இதைத் திரையிலும் செய்யலாம். வீட்டு மொழியைப் பிள்ளை வகுப்பில் தயங்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சியின் பெரிய பயன் அதுதான்.

மும்பை ஐ.ஐ.டி. முன்னெடுத்த, இந்திய மொழிகளுக்கான ‘இந்தோவேர்ட்நெட்’ தொகுப்பில் தமிழும் இருக்கிறது. அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்ற வண்ண வரைபடமாக்கி இலவசமாகத் தரும் பொறுப்பைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஏற்க வேண்டும். அதுவரை ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டாம். நாளைய பாடத்தில் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.