நிலத்தடியில் தூரமும் திசையும்

நாகலாபுரத்து வேதநாராயணர் திருக்கோயிலை உங்களுள் பலர் அறிவீர்கள். இன்று ஆந்திர மாநிலத்துத் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், கிருஷ்ணதேவராயரின் அன்னை நாகலாதேவியின் பெயரைத் தாங்கியது. மேற்கு நோக்கிய இக்கோயிலில், பங்குனித் திங்களில் மூன்று நாள்கள், மாலைக் கதிரவனின் ஒளி வாயில்களைக் கடந்து கருவறையை எட்டுகிறது. தூரம், திசை, உயரம் ஆகிய மூன்றும் இசைந்தாலன்றி இது கைகூடாது. நிலத்தடியை ஆராய்வோருக்கும் இம்மூன்றுமே அடிப்படை.

இவ்வட்டாரத்தின் நகரி மலைகளில் கடினமான குவார்ட்சைட் பாறை அடுக்கடுக்காக அமைந்துள்ளது. கடப்பைப் பாறைகள் எனப்படும் இத்தொகுதியைப் பற்றி வில்லியம் கிங் 1872-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வெளியீட்டில் விரிவாக எழுதினார். அன்று நிலவியலாரின் கருவிகள் திசைகாட்டியும் சாய்வுமானியுமே. பாறைத் தளத்தின் மீது கிடைமட்டமாக வரையும் கோட்டின் திசையை ‘நீள்திசை’ என்போம். அத்தளம் கிடைமட்டத்திலிருந்து தாழும் கோணம் ‘சாய்வு’. ஓட்டுக் கூரையை நினைவுகூர்க. அதன் முகட்டின் போக்கு நீள்திசை. மழைநீர் வழிந்தோடும் வழி சாய்வு.

இன்று கணிப்பொறி இவ்வளவுகளைக் கொண்டு நிலத்தடியின் முப்பரிமாண உருவத்தைச் சமைத்துத் திரையில் காட்டுகிறது. ஆயினும் திரை தட்டையானது. ஓரிடத்திலிருந்து 30 மீட்டர் கிழக்கும் 40 மீட்டர் வடக்கும் 120 மீட்டர் ஆழமும் விலகிய புள்ளியை மேலிருந்து நோக்கினால், தூரம் 50 மீட்டரே. மெய்யான நேர்த்தூரமோ 130 மீட்டர். மெல்லிய அடுக்குகள் விளங்கவேண்டி உயரத்தை மட்டும் மும்மடங்காக்கிக் காட்டுவதும் உண்டு. அப்பொழுது 30 பாகைச் சாய்வு 60 பாகையாகத் தோன்றும். ஆகையால் திரையின் மேல் கோணமானியை வைத்து அளத்தல் தகாது. மூலப் புள்ளிகளின் அளவுகளைக் கொண்டே கணக்கிடல் வேண்டும். திசைகாட்டி காட்டுவது காந்த வடக்கு. வரைபடத்து வடக்கு அதனின்றும் சற்று வேறுபடக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

இதனால் நமக்கென்ன பயன் எனலாம். வெளிமாநிலத்தில் உழைத்து, ஊரிலுள்ள நிலத்தில் ஆழ்துளைக் கிணறு அமைக்கப் பணம் அனுப்புவோர் நம்மிடையே பலர். சமதரையில், அண்டை நிலத்துக் கிணறு 60 மீட்டரில் நீர் பொதிந்த பிளவுத்தளம் ஒன்றைத் தொட்டது என்று கொள்வோம். அத்தளம் 30 பாகை சாய்ந்திருந்தால், நீள்திசையில் 100 மீட்டர் அப்பால் அதே 60 மீட்டரில் அது கிட்டும். சாயும் பக்கமாக 100 மீட்டர் அகன்றாலோ, ஏறத்தாழ 118 மீட்டர் துளைக்க வேண்டும். தூரம் ஒன்றே, திசை மாறியதும் செலவு ஏறக்குறைய இரட்டித்தது. 80 மீட்டரில் பணம் தீர்ந்து துளையைக் கைவிடுவோர், நீருக்கு மேலேயே நின்றுவிடுகின்றனர்.

தளத்தின் கிடப்பை அறிய ஒரு கிணற்றின் ஆழம் போதாது; இரண்டும் போதா. ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளின் இடமும் ஆழமும் தெரிந்தால், நீள்திசையும் சாய்வும் கணக்கிலேயே வெளிப்படும். பிளவுகள் வளைவதும் இடையில் அறுபடுவதும் இயல்பாதலின், கணக்கு நீருக்கு உறுதி கூறாது. ஆயினும் குருட்டுத் துளையினும் அது மேலானது. எனவே பணம் அனுப்புமுன், அண்டைக் கிணறுகளின் ஆழத்தோடு அவை நம் நிலத்திற்கு எத்திசையில், எத்தனை தூரத்தில் உள்ளன என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுதல் நலம்.