நுரையீரல் தமனியின் காவலர்கள்



நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்றுவிடுவாள். காலை வழிபாட்டிற்குத் தாமதமாக வருவாள். ஓட்டப்பந்தயம் என்றால் ஒதுங்கிக்கொள்வாள். அவளைச் சோம்பேறி என்றே எண்ணி, ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். மறுவாரம் அவள் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். நுரையீரல் தமனியில் இரத்த அழுத்தம் மிகுந்துவிட்டது என்றார் மருத்துவர். கையில் பட்டை கட்டி அளக்கும் அழுத்தமோ அவளுக்குச் சரியாகவே இருந்தது. அப்படியானால் இது எந்த அழுத்தம்? விஞ்ஞானம் கற்பித்த எனக்கே அன்று விடை தெரியவில்லை. பின்னர் நான் தேடிக் கற்றதையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

இருதயத்தின் இடப்பக்கம் உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புகிறது. வலப்பக்கம் அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டுமே அனுப்புகிறது. வேலை எளிதாதலின் வலப்பக்கத் தசையும் மெல்லியது. உடல் தமனிகளில் சராசரி அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரசம். நுரையீரல் தமனியில் ஏறத்தாழ 14 தான். ஓய்வில் அது 20-ஐத் தாண்டினால் மிகை அழுத்தம் என்று 2022-ஆம் ஆண்டின் ஐரோப்பிய மருத்துவ நெறிமுறை கூறுகிறது. இதைத் திட்டமாக அளப்பதற்கு, மெல்லிய குழாயொன்றைச் சிரை வழியே இருதயத்தினுள் செலுத்த வேண்டும். 1929-இல் ஜெர்மன் மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் தம் கைச்சிரை வழியாகத் தம் இருதயத்திற்கே அத்தகைய குழாயைச் செலுத்திக் காட்டினார். 1956-இல் வேறு இருவருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்நோயில் நுரையீரலின் சிறு தமனிகளுடைய சுவர் தடித்து, வழி குறுகிவிடுகிறது. மேட்டில் பாரவண்டி இழுக்கும் ஒற்றை மாட்டைப் போல, இருதயத்தின் வலப்பக்கம் திணறிக் களைக்கிறது. சுவர் தடிப்பதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று பிராணவாயுவைப் பற்றியது.

நம்மை வாழவைக்கும் பிராணவாயு எங்ஙனம் தீங்கு செய்யும்? அடுப்பு சோறாக்குகிறது, ஆனால் அதிலிருந்தே பொறிகளும் பறக்கின்றன அல்லவா? உயிரணுவினுள் மைட்டோகாண்ட்ரியா என்னும் அடுப்புகள் உள்ளன. அங்கே பிராணவாயு மூலக்கூறு நான்கு எலெக்ட்ரான்களை ஏற்று நீராக வேண்டும். சிற்சில மூலக்கூறுகள் ஒன்றை மட்டும் ஏற்று, சூப்பராக்ஸைடு என்னும் பொறியாகிவிடுகின்றன. இரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள வேறு சில நொதிகளும் இதனை உண்டாக்குகின்றன.

இப்பொறிகளை அணைக்கும் காவலரும் நொதிகளே. முதற்காவலர் சூப்பராக்ஸைடு டிஸ்மியூடேஸ். இதன் செயலை 1969-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் வெளிப்படுத்தினர். இது சூப்பராக்ஸைடை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றுகிறது. அடுத்து கேட்டலேஸும் குளூட்டதையோன் பெராக்ஸிடேஸும் அதனைத் தீங்கற்ற நீராக்குகின்றன. உருளைக்கிழங்குத் துண்டின் மீது ஹைட்ரஜன் பெராக்ஸைடை ஊற்றினால் நுரை பொங்குவதை உங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். அது கேட்டலேஸின் கைவேலை. பொறிகள் மிகுந்து காவல் குறைந்த நிலையையே ஆக்ஸிஜனேற்ற நெருக்கடி என்கிறோம்.

இதற்கும் தமனிக்கும் என்ன தொடர்பு? தமனியின் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவைச் சுரந்து, தசையைத் தளர்த்தி வழியை விரிக்கிறது. இவ்வாயு உடலில் செய்தி சொல்லும் திறத்தைக் கண்டறிந்தமைக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவர் 1998-இல் நோபெல் பரிசு பெற்றனர். சூப்பராக்ஸைடு மிகுந்தால், அது நைட்ரிக் ஆக்ஸைடுடன் விரைந்து கூடிப் பெராக்ஸிநைட்ரைட் என்னும் கேடு தரும் பொருளாகிறது. இழப்பு இரட்டிப்பு: விரிக்கும் வாயு குறைகிறது, புண்படுத்தும் பொருள் பிறக்கிறது. 2005-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதி பெற்ற சில்டெனாஃபில் என்னும் மருந்து, அவ்வாயுவின் செய்தி விரைவில் அழியாமல் காக்கிறது.

மைட்டோகாண்ட்ரியாவில் காவல் புரியும் டிஸ்மியூடேஸ், இந்நோயில் குறைந்திருப்பதாக 2010-இல் வெளியான ஆராய்ச்சியொன்று காட்டியது. பரம்பரையாக இந்நோய்க்கு உள்ளாகும் ஒருவகை எலிகளில், அந்நொதிக்குரிய ஜீன் பழுதுபடவில்லை; மெத்தில் என்னும் சிறு முத்திரைகளால் அடக்கப்பட்டிருந்தது. பூட்டிய பெட்டியைத் திறக்கலாம் அன்றோ? இதுவே ஆராய்ச்சியாளர்க்கு நம்பிக்கை தருகிறது.

ஆயினும் அவசர முடிவு கூடாது. ஹைட்ரஜன் பெராக்ஸைடு சிறிய அளவில் உயிரணுக்களுக்கிடையே செய்தியாளாகவும் பயன்படுகிறது. ஆதலால் எல்லாப் பொறிகளையும் அணைத்துவிடுவது நன்மையாகாது. கடையில் விற்கும் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகள் இந்நோயைத் தீர்க்கும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. வேண்டியது அளவும் சமநிலையுமே.

அந்த மாணவி மருந்துகளின் துணையோடு கல்லூரிப் படிப்பை முடித்தாள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது, "ஐயா, எனக்கே அது நோய் என்று தெரியாதே, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அச்சொல் என்னை ஆறுதற்படுத்தவில்லை, சிந்திக்க வைத்தது. உங்கள் வகுப்பில் படியேற மூச்சு வாங்கும் தோழனோ தோழியோ இருந்தால், நகையாடாதீர்கள். ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லுங்கள். மருத்துவரைக் காணச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத பாரத்தை இழுப்பவரைச் சோம்பேறி என்று அழைப்பது அறிவுடைமையாகாது.