ஹெர்ட்ஸ் கூடினால் மட்டும் போதுமா?

(மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை, இரண்டாம் ஆண்டு)



ஹெர்ட்ஸ் என்றவுடன் நமக்கு ஞாபகம் வருவது 50 என்ற எண்தான். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று என்று முதலாண்டிலேயே படித்து விட்டோம். ஹென்ரிச் ஹெர்ட்ஸ் (1857–1894) என்ற ஜெர்மன் விஞ்ஞானியின் பெயரில் அமைந்த அந்த அலகு, இன்று கேமிங் மானிட்டர் பெட்டிகளின் மேல் 144, 165, 240 என்று கொட்டை எழுத்தில் மின்னுகிறது. எண் கூடக் கூட விலையும் கூடுகிறது.

நம்மில் பலர் வீட்டில் ஒரு பொருள் வாங்க வேண்டுமென்றால் அம்மா சீட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நகை பேங்குக்குப் போக வேண்டும். எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் படி ஏறிய முதல் ஆள் நான்தான். சந்தேகம் வந்தால் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. கடைக்காரர் சொல்வதுதான் வேதம். என்னைப் போன்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். கொடுக்கிற காசுக்கு முழுப் பலனும் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்த எண் என்ன சொல்கிறது?

சின்ன வயதில் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் பொம்மை வரைந்து சரசரவென்று புரட்டியிருப்போம். பொம்மை ஓடும். மானிட்டரும் அதைத்தான் செய்கிறது. விநாடிக்கு எத்தனை முறை புதுப் படம் காட்டுகிறதோ அதுதான் ரெஃப்ரெஷ் ரேட். வீட்டு மின்சாரம் 50 ஆக இருக்கும்போது மானிட்டர் எப்படி 144-ல் ஓடும் என்று கேட்கலாம். மின்சாரம் டி.சி. ஆக மாறித்தான் உள்ளே போகிறது. படம் மாறும் வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் சர்க்யூட். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1000 மில்லி விநாடியை ஹெர்ட்ஸால் வகுத்தால் ஒரு படம் திரையில் நிற்கும் நேரம் வரும். 60-க்கு 16.7, 144-க்கு 6.9, 240-க்கு 4.2, 360-க்கு 2.8 மில்லி விநாடி. 60-லிருந்து 144-க்குப் போனால் கிட்டத்தட்ட 10 மில்லி விநாடி மிச்சம். 144-லிருந்து 240-க்குப் போனால் மிச்சம் 3 கூட இல்லை. அதற்கும் மேலே 360-க்குப் போனால் ஒன்றரைக்கும் குறைவு! விலை ஏறுகிற அளவுக்குப் பலன் ஏறுவதில்லை என்பது இதிலிருந்தே புரியும். முதல் தாவலில்தான் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற வித்தியாசம் இருக்கிறது.

"ஹெர்ட்ஸ் கூடினால் கண்ணுக்கு நல்லது தம்பி" என்று சிலர் சொல்வார்கள். அது பழைய பிக்சர் டியூப் மானிட்டர் காலத்துப் பேச்சு. அதில் 60-ல் வைத்தால் திரை மினுக்கும், 75 அல்லது 85-க்கு ஏற்றினால்தான் நிம்மதி. எல்.சி.டி. திரையில் அடுத்த படம் வரும் வரை முந்தைய படம் அப்படியே நிற்கிறது. அதனால் 60-லும் அந்த மாதிரி மினுக்கல் இல்லை. ஆனால் வேகமாக ஓடும் உருவத்தைக் கண் பின்தொடரும்போது, நின்ற படம் இழுபட்டது போல் மங்கலாகத் தெரியும். ஹெர்ட்ஸ் கூடினால் இந்த மங்கல் குறைகிறது.

மோட்டாரும் குழாயும்

இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி இதுதான். கிணற்றில் 5 எச்.பி. மோட்டார் போட்டாலும் அரை இஞ்சுக் குழாய் மாட்டினால் வயலுக்கு எவ்வளவு தண்ணீர் வரும்? குழாய் பெரிதாக இருந்தும் வால்வைப் பாதிதான் திறந்தால்? மானிட்டர் கதையும் அதேதான். கிராபிக்ஸ் கார்டு மோட்டார், கேபிள் குழாய், கம்ப்யூட்டர் செட்டிங் வால்வு, மானிட்டர் வயல். நான்கில் எது மட்டமோ அதன் அளவுக்குத்தான் பலன்.

முதலில் மோட்டார். விளையாட்டு விநாடிக்கு 70 படம்தான் தயாரிக்கிறது என்றால், 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் பார்த்தாலும் 70 புதுப் படம்தான். எனவே மானிட்டர் வாங்கும் முன்பே விளையாட்டில் எஃப்.பி.எஸ். எண்ணைத் திரையில் வரவைத்துப் பாருங்கள். 2020-ல் வந்த வாலரண்ட் போன்றவை சாதாரண கார்டிலேயே நூறைத் தாண்டும். பெரிய கதை விளையாட்டுகள் அதே கார்டில் திணறும். பிளேஸ்டேஷன் 5 மட்டும்தான் இருக்கிறது என்றால், அதன் உச்சமே 120. அதற்காக 240 வாங்குவது வீண்.

அடுத்தது குழாய். 1920 x 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட் என்றால் ஒரு படத்துக்குச் சுமார் 5 கோடி பிட். விநாடிக்கு 144 படம் என்றால் சுமார் 717 கோடி பிட். 2560 x 1440 திரைக்கு அதே 144-ல் 1274 கோடி ஆகிவிடும். படத்துக்கும் படத்துக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். எச்.டி.எம்.ஐ. 1.4 விநாடிக்குக் கொண்டு போகும் படத் தகவல் 816 கோடி பிட்தான். எச்.டி.எம்.ஐ. 2.0-ல் 1440 கோடி, டிஸ்ப்ளேபோர்ட் 1.2-ல் 1728 கோடி, 1.4-ல் 2592 கோடி. 1440 வரித் திரையைப் பழைய எச்.டி.எம்.ஐ.யில் மாட்டினால் 144 ஏன் வராது என்று இப்போது தெரிகிறதல்லவா? சில மானிட்டர்களில் எச்.டி.எம்.ஐ. போர்ட்டில் ஒரு உச்சம், டிஸ்ப்ளேபோர்ட்டில் வேறு உச்சம் இருக்கும். கூட வரும் சின்னப் புத்தகத்தில் போர்ட்வாரியாகப் போட்டிருப்பார்கள். வாங்கும் முன்பே அதைக் கேட்டுப் படியுங்கள்.

வாங்கும்போது

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் சரி, உங்கள் ஊர்க் கடைக்குப் போனாலும் சரி, இவற்றைக் கவனியுங்கள்.

1. அளவு: 24 இஞ்சுக்கு 1080 வரி போதும். அதே 1080-ஐ 27 இஞ்சில் விரித்தால் எழுத்து பிசிறடிக்கும். 27-க்கு 1440 வரிதான் பொருத்தம். ஆனால் 1440-க்கு கார்டு கூடுதலாக உழைக்க வேண்டும்.

2. பேனல்: டி.என். வேகமானது, ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறும். ஐ.பி.எஸ்.-ல் நிறமும் கோணமும் நன்றாக இருக்கும், இருட்டில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும். வி.ஏ.-வில் கறுப்பு நல்ல கறுப்பு, ஆனால் இருட்டுக் காட்சி வேகமாக நகரும்போது பல மாடல்களில் கறை போல இழுக்கும். ஓ.எல்.இ.டி. எல்லாவற்றையும் விட வேகம். விலையும் அதிகம், ஒரே படம் நெடுநேரம் நின்றால் தடம் பதியும் அபாயமும் உண்டு. படிப்புக்கும் விளையாட்டுக்கும் ஒரே மானிட்டர் என்றால் ஐ.பி.எஸ். நல்லது.

3. "1 எம்.எஸ்.": ஒரு புள்ளி நிறம் மாற எடுக்கும் நேரம் இது. பெட்டியில் போட்டிருப்பது மிகச் சாதகமான நிலையில் அளந்த எண். அதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

4. அடாப்டிவ் சிங்க்: கார்டு படம் தரும் நேரத்துக்கு ஏற்ப மானிட்டர் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி. இது இல்லாவிட்டால் படம் நடுவில் கிழிந்தது போல் தெரியும். என்விடியா 2013-ல் ஜி-சிங்க் என்று அறிவித்தது. 2015-ல் ஏ.எம்.டி.யின் ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் வந்தன. 2019 முதல் என்விடியா கார்டுகளும் அடாப்டிவ் சிங்க் மானிட்டர்களோடு ஒத்துப் போகின்றன. கார்டின் வேகம் ஏறி இறங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு 240 என்ற எண்ணை விட இதுதான் பெரிய உதவி.

5. கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத் திரையில் வைத்துச் செத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். பில்லும் வாரண்டி கார்டும் இல்லாமல் வெளியே வராதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

எங்கள் விடுதியில் ஒரு அண்ணன் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை ஏழெட்டு மாதம் 60-லேயே ஓட்டிக்கொண்டிருந்தார். கடையில் "எல்லாம் செட் பண்ணியாச்சு" என்று சொல்லி அனுப்பி விட்டார்கள். வால்வைத் திறக்கவே இல்லை! மெனுவில் ஒரு எண்ணை மாற்றியதும் சரியாகி விட்டது. பத்து பைசா செலவில்லை.

அந்த நிலை உங்களுக்கு வராமல் இருக்க, முதலில் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டின் போர்ட்டில் மாட்டுங்கள். மேலே மதர்போர்டில் உள்ள போர்ட்டில் அல்ல. பிறகு விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டில் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். எண் அங்கே காட்டவே இல்லையென்றால் கேபிளையும் போர்ட்டையும் சந்தேகப்படுங்கள். விளையாட்டின் உள்ளே இருக்கும் டிஸ்ப்ளே செட்டிங்கிலும் பாருங்கள், சிலது தனியாக 60-ல் நிற்கும்.

மானிட்டரின் சொந்த மெனுவில் அடாப்டிவ் சிங்க் அல்லது ஃப்ரீசிங்க்கை ஆன் செய்து, கார்டின் மென்பொருளிலும் ஆன் செய்ய வேண்டும். எஃப்.பி.எஸ். உச்சத்தை மானிட்டரின் எண்ணை விட மூன்று நான்கு குறைத்து, 144-க்கு 140 என்று வைத்தால் சீராக ஓடும். அதே மெனுவில் ஓவர்டிரைவ் என்று ஒன்று இருக்கும். அதை நடு அளவில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால் ஓடும் உருவத்துக்குப் பின்னால் வெளிறிய நிழல் ஒன்று துரத்தும்.

கடைசியாக ஒன்று. ஆட்டோகேடில் படம் வரையவும், சி புரோகிராம் அடிக்கவும், பாடம் பார்க்கவும் 60 ஹெர்ட்ஸ் தாராளம். வேகமான துப்பாக்கிச் சண்டை விளையாட்டு, அதற்கேற்ற கார்டு, இரண்டும் இருந்தால் 144 அல்லது 165 நல்ல முதலீடு. அதற்கு மேல் போகும் முன், மோட்டாரிலிருந்து வயல் வரை நான்கையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் மானிட்டருக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அம்மாவின் சீட்டுப் பணத்தில் ஓட்டைதான். கணக்கு போட நமக்குத்தான் கற்றுக் கொடுத்திருக்கிறார்களே, பெட்டியின் மேல் உள்ள எண்ணைப் பார்க்கும்போதும் போடுவோம்!