பரம்பரையா, சூழலா? ருமேனியக் குழந்தைகள் தந்த விடை

பிள்ளையொன்று படிப்பில் பின்தங்கினாலோ முரட்டுத்தனம் காட்டினாலோ "தகப்பனைப் போலத்தானே பிள்ளையும் இருக்கும்" என்று கூறி விடயத்தை முடித்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆசிரியர்கள் சிலரும் இதற்கு விதிவிலக்கல்லர். மனிதனின் உளவளர்ச்சியைத் தீர்மானிப்பது பரம்பரையா, சூழலா என்ற வினா உளவியலில் நீண்டகாலமாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. அதற்கு அவசரப்பட்டு விடையளிப்பதால் நேரக்கூடிய விபரீதத்தை ருமேனியாவில் காணலாம்.

சனத்தொகையைப் பெருக்கும் நோக்குடன் நிக்கொலாய் சௌசெஸ்குவின் அரசாங்கம் 1966 இல் கருக்கலைப்பைத் தடைசெய்தது. வளர்க்க வசதியற்ற பெற்றோர் பலர் பிள்ளைகளை அரசாங்க இல்லங்களில் ஒப்படைத்தனர். 1989 டிசெம்பரில் ஆட்சி வீழ்ந்தபோது அவ்வில்லங்களில் ஓர் இலட்சத்துக்கும் அதிகமான சிறுவர்கள் இருந்தனர். அவர்களிற் பெரும்பாலானோர் தாய் தந்தையரை இழந்தவர்களும் அல்லர். போதிய உணவோ, தூக்கி அணைத்துப் பேச ஆளோ இன்றித் தொட்டில்களிலேயே கிடந்தனர். மூன்று வயதளவில் பரிசோதிக்கப்பட்டு, குறைபாடுடையோர் எனக் கருதப்பட்டவர்கள் 'மீட்க முடியாதவர்கள்' என்ற முத்திரையுடன் வேறு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். குறை பிறவியிலேயே உள்ளது என்ற எண்ணமே அம்முத்திரைக்கு அடிப்படையாகும்.

பின்னர் பிரித்தானியக் குடும்பங்கள் தத்தெடுத்த 165 ருமேனியக் குழந்தைகளை மைக்கல் ரட்டர் தலைமையிலான குழுவினர் பல்லாண்டுகள் தொடர்ந்து அவதானித்தனர். ஆறு மாத வயதுக்கு முன்னர் வந்தவர்கள் நான்கு வயதளவில் ஏனைய பிள்ளைகளைப் பெரிதும் எட்டிவிட்டனர். அதற்கு மேலும் இல்லத்தில் இருந்தவர்களிற் பலரிடம் கவனச்சிதறல், முன்பின் அறியாதவரிடமும் வேறுபாடின்றி ஒட்டிக்கொள்ளல் முதலிய இயல்புகள் நீடித்தன.

நல்ல நிலையில் இருந்த குழந்தைகளே முதலில் தத்தெடுக்கப்பட்டிருக்கலாமல்லவா என வாசகர் வினவக்கூடும். நியாயமான ஐயமே. 2000 களின் தொடக்கத்தில் புக்காரெஸ்ட் நகரில் நடைபெற்ற ஆய்வு இதற்கு விடை தந்தது. இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளிற் பாதிப்பேர் சீட்டுக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். சீட்டு, பரம்பரையைப் பார்த்து விழுவதில்லை. நான்கரை வயதில் அவர்களது நுண்ணறிவு ஈவு சராசரியாக 81 ஆகவும், மற்றப் பாதியினரது 73 ஆகவும் இருந்தது. இரண்டு வயதுக்கு முன்னர் குடும்பத்தைச் சேர்ந்தவர்களே அதிக முன்னேற்றம் கண்டனர். சீட்டு விழாத குழந்தைகளின் நிலை நெஞ்சை உறுத்துவதே. அவ்வாய்வின் அறநெறி குறித்துக் கடும் விவாதமும் எழுந்தது.

அவ்வாறாயின் பரம்பரைக்குப் பங்கில்லையா? உண்டு. 1979 இல் ஆரம்பமான மினசோட்டா ஆய்வு, பிரிந்து வளர்ந்த ஒருகரு இரட்டையர்கள் நுண்ணறிவிலும் சுபாவத்திலும் வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தமையைக் காட்டியது. ஆனால் அவர்கள் பெரும்பாலும் சாதாரண வீடுகளில் வளர்ந்தவர்கள். எல்லோருக்கும் ஓரளவு நல்ல சூழல் கிடைக்கும் இடத்தில், எஞ்சும் வேறுபாட்டிற் பரம்பரையின் பங்கு பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை.

பரம்பரையால் வருவதை மாற்றவே முடியாது என்பதும் தவறாகும். பீனைல்கீற்றோனூரியா என்ற நோய் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் பழுதுற்ற பரம்பரையலகினால் ஏற்படுவது. உணவிலுள்ள பீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் இரத்தத்தில் தேங்கி மூளையைத் தாக்கும். கவனியாது விட்டால் கடுமையான புலமைக் குறைபாடு ஏற்படும். பிறந்த சில நாட்களிலேயே இரத்தப் பரிசோதனையால் கண்டறிந்து, புரத உணவைக் கட்டுப்படுத்தி விசேட உணவூட்டினால் அக்குழந்தையும் ஏனையோரைப் போல் படித்து முன்னேறலாம். பரம்பரையலகு மாறவில்லை, மாறியது உணவு மாத்திரமே.

ரட்டர் குழுவினர் அவதானித்த அக்குழந்தைகள் இளைஞர்களான பின்னர், 2017 இல் வெளியான முடிவுகள் சிந்திக்கத் தூண்டுவன. தாமதித்து வந்தவர்களிற் பலர் அறிவுத்திறனில் மற்றவர்களை எட்டியிருந்தனர். கவனச்சிதறலும் பழகுவதிலுள்ள இடர்ப்பாடும் நீங்கவில்லை. எனினும் அவர்களிலும் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் எவ்விதப் பிரச்சினையுமின்றி வளர்ந்திருந்தார். அதே இல்லங்களில், அதே வறுமையில் கிடந்த அவர்களைக் காத்ததில் பரம்பரையலகுகளுக்கும் பங்கிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.