தேய்ந்த எஞ்சினுக்கு மறுவாழ்வு

கொல்கத்தா என்றதும் மஞ்சள் நிற அம்பாசிடர் வாடகைக் கார் நினைவுக்கு வரும். அதனைத் தயாரித்த உத்தரப்பாரா ஆலையில் உற்பத்தி 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. ஆகவே, எஞ்சின் தேய்ந்தால் அதைச் சீர்செய்தே ஓட்ட வேண்டும். வண்டி நின்றால் ஓட்டுநரின் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

எஞ்சினுள் பிஸ்டன் மேலும் கீழும் இயங்கும் உருண்டையான அறையே சிலிண்டர். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் அதன் சுவரை ஓயாமல் உரசுகின்றன. மசகு எண்ணெய் குறைந்தாலோ தூசி புகுந்தாலோ சுவரில் கீறல்கள் விழும். வட்டமான துளை மெல்ல நீள்வட்டமாகும். அப்போது எண்ணெய் மேலேறி எரிந்து, நீலப்புகை கிளம்பும்.

இக்கீறல்களைப் பூசி மறைப்பது உதவாது. மாறாக, சுவரை மேலும் கடைய வேண்டும்! பட்டறையில் முதலில் துளையைப் பல இடங்களில் அளப்பர். மேற்பகுதியில்தான் தேய்மானம் மிகுதி. பிறகு கீறல் மறையும்வரை கடைந்து, சற்றே பெரிய பிஸ்டனைப் பொருத்துவர். 'பெரிய' என்றாலும், 0.25 அல்லது 0.5 மில்லிமீட்டரே கூடுதல். இடைவெளி குறைந்தால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். கூடினால் மீண்டும் புகைதான்.

இறுதியாக, சாணைக்கற்களைச் சுழற்றிச் சுவரில் குறுக்குமறுக்கான நுண்கோடுகளை இடுவர். சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் எண்ணெய் தங்காது. கீறலால் கெட்ட சுவருக்குக் கோடுகளே காவல்!

பலமுறை கடைந்து சுவர் மெலிந்துவிட்டால், 'ஸ்லீவ்' எனப்படும் வார்ப்பிரும்புக் குழாயை உள்ளே இறுக்கிச் செருகுவர். அதனைத் தொடக்க அளவுக்கே கடைந்தால், முதலில் இருந்த அளவுள்ள பிஸ்டனையே மீண்டும் பொருத்தலாம்.